சேற்றுக்குள் ஒரு காலை

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலரை மணி டீயைக் குடிக்கும்போதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு டிக்கெட் எடுத்துப் பத்துத் தடவையாவது போயிருப்பேன். இன்றைக்கு டிக்கெட் கவுன்டர் திறக்கும் முன்பே, வனக் காவலர்களோடு உள்ளே! நீங்களும் கூட வாங்க. ஒரே நிபந்தனை: புதுச் செருப்பு வேண்டாம். நான் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சிதம்பரம் தாண்டி, கிள்ளை தாண்டி, காவலர்கள் ஒதுங்கும் அறை. ஆணியில் ஈரக் கைலி, மூலையில் துடுப்பு, மண்வெட்டி, பறிமுதல் செய்த கிழிந்த வலை. மழைக்கோட்டின் மேல் ஒரு நாய் சொகுசாகத் தூங்குகிறது. "அதுதான் சார் இங்க பர்மனென்ட் ஸ்டாஃப்" என்றார் ஒருவர். தூக்குச்சட்டியில் பழைய சோறு, கூடவே சுட்ட கருவாடு. எனக்கும் ஒரு கை கிடைத்தது. சொர்க்கம்!

படகு சுரபுன்னை வேர்களுக்கிடையே நுழைகிறது. இளைய காவலர் வழிமறித்த ஒரு கிளையை ஒதுக்கப் போக, பெரியவர் கத்தினார்: "டேய், தில்லைடா, கண்ணு!" அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் இதுதான். ஊருக்குள் தேடினால் கிடைக்காது. இங்கே வந்து பார்க்க வேண்டும், தள்ளி நின்று.

"சுற்றுலா வர்றவங்க கேக்குற முதல் கேள்வி என்ன தெரியுமா?" எனக்குத் தெரியும். 1975இல் வெளியான 'இதயக்கனி' படத்துக்காக எம்.ஜி.ஆர். வந்த இடம் எது? "நாங்க எந்த வளைவைக் காட்டினாலும் போட்டோ எடுத்துக்குறாங்க சார்." படகே குலுங்கச் சிரித்தார்கள்.

அப்புறம் இறங்கினோம். முழங்கால்வரை சேறு. முன்பு மரம் வெட்டிய இடங்களில் தரை பள்ளமாகி, ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் காய்ந்து, மண் உப்பேறிப்போனது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் போலக் கிளைபிரியும் வாய்க்கால்கள் வெட்டின. தண்ணீர் ஏறி இறங்கியது, கன்றுகள் பிடித்தன. ஆனால் வண்டல் சும்மா இருக்குமா? தூர்ந்துகொண்டே வரும், யாராவது இறங்கி அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நான் நாலு கூடை அள்ளினேன். ஐந்தாவதில் இடதுகால் செருப்பு போனது.

பக்கத்தில் நடவுக்கு வந்த கல்லூரித் தன்னார்வலர்கள். சுரபுன்னையின் நீளமான பச்சை முளைக்குச்சியைச் சேற்றில் செங்குத்தாகக் குத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெண் குத்திய வேகத்தில் தானும் குப்புற நடப்பட்டாள். "அதையும் கணக்குல சேத்துக்கங்கண்ணே!" என்று தோழிகள் கூச்சல்.

இவ்வளவு பாடு எதற்கு? 2004 சுனாமியில் இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் அடி குறைவு. கடலை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊரோ சிதைந்துபோனது. 2022இல் பிச்சாவரம் உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. காட்டுக்கு உலக அங்கீகாரம் வந்த அதே ஆண்டில்தான், தமிழகக் காடுகளில் தொகுப்பூதியத்துக்கு உழைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களைத் தனியார் ஏஜென்சியிடம் தள்ளிவிடும் பேச்சு எழுந்தது. முதுமலைப் பக்கம் பழங்குடிக் காவலர்கள் கொதித்தார்கள். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும் என்பதை எந்த ஏஜென்சி டெண்டரில் எழுதிக் கேட்கும்?

வேலை பறிபோன ஓர் அமெரிக்கக் கதையையும் காவலர்களிடம் சொன்னேன். 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்கா ஊழியர்கள் சுமார் 1,000 பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்து யோசெமிட்டி பூங்கா ஊழியர்கள் எல் கேபிடன் பாறை உச்சியிலிருந்து நாட்டுக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நமக்குப் பாறை ஏது சார்? சுரபுன்னை வேர்லதான் கட்டணும். ஓதம் ஏறினா கொடி முழுகிப்போயிடும்."

திரும்பும் வழியெல்லாம் வேரில் சிக்கிய தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் பொறுக்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் மிச்சம். மூன்று சாக்கு நிறைந்தது. கரையேறியதும் இளையவர் கடைசிச் சாக்கைக் கவிழ்த்தார். மேலே சிரித்துக்கொண்டு கிடந்தது என் இடதுகால் செருப்பு.

அடுத்த ஞாயிறு நீங்கள் போவீர்கள்தானே? பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.