கையும் கண்ணும்



ஓவியம் வரைவது பிறவியிலேயே அமைய வேண்டிய வரம் என்றும், அவ்வரம் தமக்கு வாய்க்கவில்லை என்றும் கூறிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே.

நான் வளர்ந்தது பெரம்பூரில். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை அமைந்த ஊர் அது. எங்கு திரும்பினும் இருப்புப் பாதைதான். பள்ளி நாள்களில், மாலைதோறும் வேலிக்கு வெளியே நின்று சரக்குப் பெட்டிகளை வரைந்துவந்தேன். மூன்று மாதங்கள் ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் முதல் படத்தில் இருந்த குறை கடைசிப் படத்திலும் இருந்தது. பெட்டிகள் தண்டவாளத்தில் நிற்காமல், சரிந்து விழப்போவன போலத் தோன்றின. இனி வரைவதே இல்லை என்று முடிவு செய்தேன்.

அந்த நோட்டுப் புத்தகத்தை என் ஓவிய ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நன்று என்றும் சொல்லவில்லை, தீது என்றும் சொல்லவில்லை. "தம்பி, இந்தச் சக்கரத்தை எங்கே நின்று பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் என்னை அவ்விடத்திற்கே அழைத்துச் சென்றார். ஒரு கண்ணை மூடி, முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்திச் சக்கரத்தின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கச் செய்தார். என்ன வியப்பு! பக்கவாட்டில் இருந்து சாய்வாகப் பார்த்த என் கண்ணுக்கு, அகலம் உயரத்தில் பாதியளவே இருந்தது. நானோ எல்லாச் சக்கரங்களையும் முழு வட்டமாகவே வரைந்திருந்தேன். "நீ வரைந்தது நீ அறிந்த சக்கரம், கண்ட சக்கரத்தை இனிமேல்தான் வரையப் போகிறாய்" என்றார் ஆசிரியர்.

அன்றுதான் ஓர் உண்மை விளங்கிற்று. பயிற்சி நம் திறமையை வளர்ப்பது போலவே நம் தவற்றையும் வளர்க்கும். மூன்று மாதங்களாக நான் பழகியது ஓவியத்தை மட்டுமன்று, பிழையையுந்தான். திருத்துவார் இல்லாத உழைப்பு அத்தகையது.

பெரம்பூரிலிருந்து சிறிது தொலைவில், பெரியமேட்டில், 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. சிற்பி தனபாலின் வழிகாட்டுதலால் அங்குச் சேர்ந்து பயின்றவர் ஆதிமூலம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, அவருடைய உருவத்தையே பல பருவங்களில், பல நிலைகளில், ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்து புகழ் பெற்றார். ஒரு பொருளை மீண்டும் மீண்டும் புதிதாகக் காண்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. நாள்தோறும் கால் மணி நேரமேனும் வரையுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியைக் குறியுங்கள், எதையும் கிழித்தெறியாதீர்கள். வாரம் ஒரு முறை பழைய பொருளையே மறுபடியும் வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். படத்தை நிலைக்கண்ணாடியின் முன் பிடித்தால் இடமும் வலமும் மாறும். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வு அப்போது புலப்படும்.

பிறகு, அதை ஒருவரிடம் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், அன்புடையார் "ஆம்" என்றே சொல்வர். "எந்த இடத்தில் அளவு தவறியது?" என்று கேளுங்கள். உங்களிடம் ஒரு நண்பர் படத்தைக் காட்டினால், கோட்டைப் பற்றிப் பேசுங்கள். வரைந்தவரைப் பற்றிப் பேசாதீர்கள். குறையைச் சுட்டும்போது அதை அளந்து காட்டுங்கள். அளந்து காட்டிய குறை எவரையும் புண்படுத்துவதில்லை.

அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. சரியும் பெட்டிகளைப் பார்க்கும்போது இப்பொழுது எனக்கு நாணம் வருவதில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேல் உறுதியாக நிற்கிறது.