வாவியின் பருவமும் நம் விடுமுறையும்

சென்ற ஐப்பசிக் கடைசியில், கனடாவில் வாழும் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. "மார்கழி விடுமுறைக்கு ஊர் வருகிறேன், சேர். பத்து நாள் நிற்பேன். அம்மாவும் வருகிறா. அவவுக்கு எண்பத்தொரு வயதாகிறது. இனி இவ்வளவு தூரம் வர முடியுமோ தெரியாது. ஒருநாள் புளியந்தீவிலிருந்து மண்டூர் வரை வாவியில் அவவைக் கூட்டிப்போக வேண்டும். மீன் பாடுவதையும் கேட்கவேண்டும் என்கிறா. ஒழுங்குகளைத் தாங்கள் பார்த்துத் தருவீர்களா?"

மூன்று நாள் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அதில் எழுதியிருந்த யாவும் நல்லவையே. மாதம் ஒன்றுதான் பிழை. இப்பிழையைச் செய்பவன் அவன் ஒருவன் மட்டுமல்லன். கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு விடுமுறை மார்கழியில் வருகிறது. உள்ளூர்ப் பாடசாலைகளும் ஆண்டிறுதியிலேதான் சுற்றுலாவை எண்ணுகின்றன. வாவியோ நம்முடைய விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நடப்பதன்று. அவனுக்கு எழுதிய பதிலை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும்படி சற்று விரித்து இங்கே தருகிறேன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. நெடுகவும் ஆழம் குறைவு. மிக ஆழ்ந்த இடத்திலும் ஏறத்தாழ நான்கு மீற்றர்தான். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் எழுவான்கரை. மேற்கே வயல் விரிந்து கிடக்கும் படுவான்கரை. இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வாவி சூழ்ந்த திட்டாகப் புளியந்தீவு. மட்டக்களப்புக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டது கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. எங்கள் குளிர்காலம் என்பதே மாரிகாலந்தான். வெப்பமானி 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் ஈர உடலில் வாடைக்காற்று படும்போது பல் கிட்டும். பனியிற் பழகிய பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்; படகில் அரைமணி நேரம் நனைந்த பின்னர் சிரிக்கமாட்டார்கள்.

குளிரைவிடப் பெரியது நீரின் போக்கு. மாரியிற் குளங்களும் ஆறுகளும் பெருகி வாவியை நிரப்பும். படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறும். அப்போது முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். ஆற்றுவாய் வெட்டுதல் என்பர். வெட்டுவது எப்போது என்பதில் உழவர்க்கும் மீனவர்க்கும் ஆண்டுதோறும் வழக்குண்டு. ஒருவருக்கு நெல் மூழ்கக்கூடாது. மற்றவருக்கு மீனும் இறாலும் கடலோடு போய்விடக்கூடாது. வெட்டிய பின், நேற்றுவரை குளம்போற் கிடந்த வாவி ஆறுபோல் ஓடும். வாடை ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் மறுபக்கம் இழுக்க, இரண்டும் முட்டுமிடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு படகுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

இதை நான் நூலிற் படித்து அறியவில்லை. 1974 ஆம் ஆண்டு மார்கழியில், ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், பதினொரு மாணவரை ஒரே தோணியில் ஏற்றிக்கொண்டு கோட்டையடியிலிருந்து முகத்துவாரத்து வெளிச்சவீட்டைப் பார்க்கப் புறப்பட்டேன். எட்டுப் பேருக்குரிய தோணி அது. புறப்பட்டதோ பிற்பகலில். ஆற்றுவாய் வெட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதை நான் விசாரிக்கவில்லை. கல்லடிப் பாலத்தைக் கடந்து அப்பாற் சென்றதும் தோணி எங்கள் சொற்கேளாது போயிற்று. தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. பையன்கள் அனைவரும் ஒரு பக்கம் ஒதுங்க, விளிம்பு நீருக்குள் இறங்கியதை இன்றும் காண்கிறேன். வலை கட்டும் கம்புகளைப் பற்றிக்கொண்டு நின்ற எங்களை இரண்டு மீனவர் வந்து கரை சேர்த்தார்கள். அவருள் மூத்தவர் கேட்ட கேள்வி ஒன்றே: "மாஸ்டர், ஆத்துவாய் வெட்டின கிழமைக்குள்ள இஞ்சால வரலாமா?" என் கண்ணாடியும் ஒரு பையனின் செருப்பும் போயின, உயிர் எதுவும் போகவில்லை. அது என் திறமையால் நிகழ்ந்ததன்று. அந்தப் பதினொருவருள் ஒருவன் பின்னர் படகேறியதே இல்லை.

எனவே முதலாவது அறிவுரை: படகுக்காரரைத் தேடுமுன் பருவத்தைத் தேடுங்கள். குளிரும் வேண்டும், காட்சியும் வேண்டும் என்போர் தைப்பொங்கல் கழிந்து, தை நடுவிலிருந்து மாசி முழுவதும் வரலாம். மழை ஓய்ந்திருக்கும், வாவியில் நீர் நிறைந்தேயிருக்கும், விடியற்பனி வாவியின் மேல் ஆவிபோல் நிற்கும். படுவான்கரையிற் பெரும்போக நெல் பொன்னிறம் கொள்ளும் காலம் அது. வடநாடுகளிலிருந்து வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிரா.

மீன்பாட்டுக் கேட்க விரும்புவோர்க்கு இந்தப் பருவம் உதவாது. அதற்குச் சித்திரை முதற் புரட்டாதி வரையுள்ள, நீர் அசையாத முழுநிலா இரவுகளே உரியன. பாடுவது மீன் என்பார் சிலர். ஊரி என்பது மீனவர் பலரின் முடிபு. 1848 இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் துரை நிலா எழுந்தபின் படகிலிருந்து அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார். விபுலாநந்த அடிகளும் 1947 இல் வெளிவந்த தம் யாழ் நூலில் இவ்வாவியின் இசையைப் போற்றினார். துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியிற் காதை வைத்துக் கேட்பது எம்மவர் வழக்கம். மாரிவெள்ளம் கலங்கி ஓடும் இரவில் எவ்வளவு நேரம் காதை வைத்தாலும் வெள்ளத்தின் இரைச்சலே கேட்கும்.

இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. நோர்வே நாட்டின் கரையோரமாக 1893 இல் அஞ்சற் சேவையாகத் தொடங்கிய கப்பல்கள் இன்றும் வடக்கே போய்வருகின்றன. உறைபனிக் காலத்தில் அவ்வழியிற் பயணம் செய்ய உலகெங்குமிருந்து மக்கள் செல்கிறார்கள். துரொம்சோ நகரில் அப்போது பல கிழமைகளுக்குச் சூரியன் எழுவதேயில்லை. அவர்கள் அந்த இருளை நாடியே போகிறார்கள், வானத்தில் ஆடும் வடதிசைச் சோதியைக் காண. நள்ளிரவுச் சூரியனைக் காண மார்கழியில் அங்கு எவரும் சீட்டு வாங்குவதில்லை. பருவம் எதைத் தருகிறதோ அதைக் கேட்கத் தெரிந்தவர்க்கே பயணம் இனிக்கிறது.

மார்கழி ஒன்றே வாய்க்குமாயின் என் செய்வது? பத்து நாளில் ஒருநாளைக் குறித்துவைத்து, 'அன்றே போவோம்' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மூன்று நாட்களை ஒதுக்கி, அவற்றுள் நல்லது எதுவோ அதிற் போங்கள். முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேளுங்கள். விடியலில் துறைக்குப் போய் மீனவரையும் கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் மட்டும் படகேறுங்கள். 1978 கார்த்திகை 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியைக் கண்ட தலைமுறைக்கு இதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பின் வந்தவர்க்குச் சொல்லவேண்டும்.

வழிகள் மூன்று. முதலாவது, காலை இரண்டு மணி நேரம் போதுமானது. கோட்டையடியிற் புறப்படலாம். போர்த்துக்கேயர் 1628 இற் கட்டி, ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றிய கோட்டை அது. இரு பக்கம் வாவியே அதற்கு அகழி. அங்கிருந்து 1924 இற் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் கீழாகவும், அதன் அருகே 2013 இல் எழுந்த புதிய பாலத்தின் கீழாகவும் போய், 1913 இற் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீட்டைக் கண்டு திரும்பலாம். நாவலடிப் பக்கம் போகும்போது படகைச் சற்று மெதுவாக விடச் சொல்லுங்கள். 2004 மார்கழி 26 இற் கடல் கொண்ட ஊர் அது. ஆற்றுவாய் திறந்திருக்கும் நாட்களில் இந்த வழியே வேண்டாம்.

இரண்டாவது, தெற்கே மண்முனை வரை அரைநாட் பயணம். 2014 இற் பாலம் திறக்கும்வரை மக்கள் பாதையிற் கடந்த துறை அது. படகைவிட்டு இறங்கித் தரைவழியே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தையும் வணங்கி வரலாம். கரையோரக் கண்டற் காடுகளிற் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆலாவும் நிறைந்திருக்கும். எஞ்சினை நிறுத்திக் கோலூன்றிச் சென்றாற்றான் அவை பறவாமல் நிற்கும். அங்கே தில்லை மரமும் உண்டு. கிளையை ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணைக் கெடுக்கும். நீரிற் கையையோ காலையோ தொங்கவிடாதீர்கள். வாவியில் முதலை உண்டு.

மூன்றாவது மண்டூர். புளியந்தீவிலிருந்து முழுவதும் நீர்வழியே போவது ஒரு பகலை விழுங்கும். முதியோர்க்கும் சிறுவர்க்கும் ஆகாது. எழுவான்கரை வீதியாற் குருமண்வெளி வரை வாகனத்திற் போய், அங்கிருந்து படகிற் கண்டலோரமாகச் சுற்றி மண்டூர்த்துறையில் இறங்குவதே அறிவுடைமை.

எவ்வழியாயினும் விதி ஒன்றே. காலை ஆறேகாலுக்கு வெளிச்சம் பரவும். ஆறரைக்குப் புறப்பட்டு, காற்று எழுமுன் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மண்முனைக்கு அப்பாற் செல்வோர் நண்பகலைத் தாண்டவேண்டாம். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வேண்டும். சிறுவர்க்குச் சிறுவருடைய அளவில் வேண்டும். படகுக்காரர் எட்டுப் பேர் என்றால் ஏழு பேராக ஏறுங்கள். படம் எடுக்க எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து நிற்கக்கூடாது. காற்றிற் குடை விரிக்கக்கூடாது, மழையங்கியே தகும். உள்ளே பருத்தி, மேலே கம்பளிச் சட்டை, காதுக்கு ஒரு துண்டு, நீர்புகாப் பையில் மாற்றுடை. குடுவையிற் சுக்குக் கோப்பி, வாழையிலையிற் பிட்டு. எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இவையெல்லாம் சிறு காரியங்கள் என்று எண்ணுவோர், 2021 கார்த்திகை 23 ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டதை நினைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் எழுதி, "ஆவணியில் வா" என்று முடித்தேன். "ஆவணியில் விடுமுறை இல்லை, சேர், அம்மாவின் உடம்புக்கும் நாள் சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வந்தார்கள். ஏழு நாள் மழை விடவில்லை. ஒதுக்கிவைத்த மூன்று நாட்களுள் இரண்டு வீணாயின. ஒன்பதாம் நாள் விடியலில் வானம் வெளித்தது, வாடையும் ஓய்ந்திருந்தது. குருமண்வெளித் துறையில், ஆரஞ்சு நிற அங்கியை அணிவித்தபோது அந்த அம்மா, "என்னையும் சின்னப்புள்ள ஆக்கிட்டீங்க" என்று சிரித்தார். நடு வாவியில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். படகுக்காரர் கோலை நீரில் ஆழ்த்திப் பிடிக்க, அதன் நுனியிற் காதை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் கரையைப் பார்த்தேன்.

"பாடல்ல மகன்," என்றார், நிமிர்ந்து. "அதுக்கென்ன? நாங்க அப்ப வந்தது ஆவணித் திருவிழாவுக்கெல்லா. நிலா நேரம். இப்ப தண்ணி ஓடுற காலம்." பின்பு கையைக் கூப்பி, மண்டூர்க் கோயில் இருந்த திசையை நோக்கித் திரும்பிக்கொண்டார். நானும் அவனும் ஒரு மாதம் கடிதத்தில் வாதாடிய செய்தி அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் ஆலாக்கள் கூட்டமாகப் படகோடு பறந்து வந்தன. அவற்றைப் பேரனுக்குக் காட்டுவதற்காக மகனின் கைப்பேசியிற் படம் பிடிக்கச் சொன்னார்.

இவ்வாண்டு ஆவணிக்கு அவன் விடுமுறை கேட்டிருக்கிறான். கிடைத்ததோ இல்லையோ, இன்னும் எழுதவில்லை. முழுநிலா நாளை நாட்காட்டியிற் பார்த்து, குருமண்வெளிப் படகுக்காரரிடம் நான் சொல்லிவைத்திருக்கிறேன்.