பெரியார் – இராஜாஜி திருவண்ணாமலைச் சந்திப்பு (1949)

பெரியார் – இராஜாஜி திருவண்ணாமலைச் சந்திப்பு என்பது, திராவிடர் கழகத் தலைவர் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் அப்போதைய கவர்னர் ஜெனரல் சி. இராஜகோபாலாச்சாரியாரும் (இராஜாஜி) 1949 மே 14 அன்று திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் தனியே பேசிக்கொண்ட நிகழ்ச்சி ஆகும். கடவுள், சாதி, மொழி, கல்வி என எதிலும் ஒத்துப்போகாத இருவர், ஒருவர் மீது ஒருவர் வைத்திருந்த மதிப்பைக் கைவிடாமல் இருந்ததற்குச் சான்றாக இது நினைவுகூரப்படுகிறது.

பின்னணி

இராஜாஜி 1878-இலும் பெரியார் 1879-இலும் பிறந்தவர்கள். இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகவும் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்த காலத்தில் நெருங்கிப் பழகினர். இராஜாஜியின் தூண்டுதலால் பெரியார் 1919-இல் காங்கிரசில் சேர்ந்தார்.

1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன்பின் இருவரும் எதிர் அணிகளில் நின்றனர். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான இராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்துப் போராடிய பெரியார், 1938-இல் அதே அரசால் சிறையில் அடைக்கப்பட்டார். தம்மைச் சிறைக்கு அனுப்பிய அரசின் தலைவரைத்தான் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் பெரியார் திருவண்ணாமலையில் தேடிச் சென்று பார்த்தார்.

சந்திப்பு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம் உள்ளது. ரமண மகரிஷி இளம் வயதில் தவமிருந்த இடம் அது. புதுப்பிக்கப்பட்ட அந்தச் சன்னிதியைத் திறந்து வைக்க இராஜாஜி ஊருக்கு வந்திருந்தார். ஒருவர் கோயில் பணிக்காகவும், கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிவந்த மற்றவர் அவரைக் காண்பதற்காகவும் ஒரே ஊருக்கு வந்தது பலருக்கும் வியப்பளித்தது. இராஜாஜி தங்கியிருந்த ரயில் பெட்டியில் இருவரும் பேசினர்.

பெரியாருக்கு அப்போது வயது 69. தமக்குப் பின் இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் காக்கச் சட்டப்படியான ஏற்பாடு ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். தம்மைவிட ஏறத்தாழ 40 வயது இளையவரும் இயக்கத் தொண்டருமான மணியம்மையைத் திருமணம் செய்துகொள்வது அவரது எண்ணம்.

எழுந்த சர்ச்சை

என்ன பேசினீர்கள் என்று கழகத்தினர் கேட்டனர். அது தம் சொந்த விஷயம் என்று கூறிய பெரியார் மேலே எதுவும் சொல்லவில்லை. 1949 ஜூலை 9 அன்று திருமணம் பதிவானது. கழகத்தைப் பிளக்க இராஜாஜி சொல்லிக்கொடுத்த யோசனை இது என்ற பேச்சு பரவியது. சி. என். அண்ணாதுரையும் பலரும் விலகி, அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர்.

இராஜாஜி உண்மையில் சொன்னது வேறு. வயது வேறுபாட்டைச் சுட்டி, இந்தத் திருமணம் வேண்டாம் என்றே அவர் பெரியாருக்கு எழுதியிருந்தார். கடிதம் அந்தரங்கமானது என்று குறிப்பிடப்பட்டிருந்ததால் பெரியார் அதை வெளியிடவில்லை. பழி தம்மீதும் விழுந்து, கட்சி உடைந்த நிலையிலும் அவர் வாய் திறக்கவில்லை. இந்தச் செய்தி பிற்காலத்திலேயே வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஒரு பொது இயக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சைத் தொண்டர்களிடம் மறைத்தது சரியா என்ற கேள்வியும் உண்டு. தொண்டர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம்பி எழுதிய ஒருவரின் சொல்லைக் காப்பதா, தம்மை நம்பியவர்களுக்கு விளக்கம் சொல்வதா என்ற இக்கட்டில் பெரியார் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். கேலிக்கு ஆளான மணியம்மையோ, பெரியாரின் மறைவுக்குப் பின் 1978 வரை கழகத்தைத் தலைமை ஏற்று நடத்தினார்.

பிற்காலம்

இந்த நட்பு இருவரின் கொள்கையையும் தளர்த்தவில்லை. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று கூறிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்த நிலையில் 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். 1967 தேர்தலில் நிலைமை தலைகீழானது. இராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தது. பெரியார் காங்கிரசை ஆதரித்தார். வெற்றி பெற்ற அண்ணாதுரை, தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைத் திருச்சிக்குச் சென்று சந்தித்தார். 1949-இல் புதுக்கட்சி தொடங்கியபோதும் அண்ணாதுரை அதன் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்திருந்தார்.

1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி காலமானார். 93 வயதான பெரியார் சக்கர நாற்காலியில் சென்னைச் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, 1973 டிசம்பர் 24 அன்று, அவரும் மறைந்தார்.

முக்கியத்துவம்

மாற்றுக் கருத்துடையவரிடம் பெருந்தன்மை காட்டுவது என்றால் தன் கருத்தை விட்டுக்கொடுப்பது என்று சிலர் எண்ணுவதுண்டு. பெரியாரும் இராஜாஜியும் அப்படி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தி, கல்வி, சாதி ஆகியவற்றில் ஒருவரை ஒருவர் மேடையில் தாக்கியே பேசினர். ஆனால் சொந்த வாழ்வின் சிக்கலுக்கு அரசியல் எதிரியிடம் யோசனை கேட்கலாம் என்று ஒருவர் நம்பினார். அந்த எதிரியின் குடும்ப விஷயத்தை அரசியலுக்குப் பயன்படுத்தாமல், நல்லது என்று பட்டதை மற்றவர் எழுதினார். அந்த யோசனையைக் கேட்டவர் ஏற்கவில்லை; நட்பும் முறியவில்லை. கொள்கையை எதிர்ப்பதையும் மனிதரை வெறுப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்ததே இதற்குக் காரணம்.