சதுரத்தின்மேல் ஒரு வட்டம்

அந்தமானில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுச் சுவரின் மூலையில் ஒரு வெடிப்பு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கம் விட்டுச்சென்ற தழும்பு அது. எத்தனை முறை பூசினாலும் மழைக்காலத்தில் மீண்டும் தலைகாட்டும். பிழைப்புக்காக இராமநாதபுரத்திலிருந்து வந்த கொத்தனார் என் தந்தை. "மூலைதானப்பா வீட்டுக்கு எமன்" என்பார்.

அந்த மூலையையே துணையாகக் கொண்ட கட்டிடம் ஒன்று பாரசீகத்தில் இருக்கிறது. இஸ்பகான் நகரத்துப் பழைய பெரிய பள்ளிவாசலே அது.

9ஆம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாக வளர்ந்த பள்ளிவாசல் இது. செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷாவின் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1086-87இல் தென்புறக் குவிமாடத்தை எழுப்பினார். அவருடைய போட்டியாளர் தாஜுல் முல்க் சும்மா இருப்பாரா? 1088-89இல் வடபுறத்தில் மற்றொன்றைக் கட்டுவித்தார். அளவில் சிறியது, அழகிலோ அதற்கு ஈடு சொல்வது கடினம். பின்னர், 12ஆம் நூற்றாண்டில், முற்றத்தின் நான்கு புறமும் பெரிய வளைவு மண்டபங்கள் எழுந்தன.

கீழக்கரையின் பழைய கற்பள்ளிவாசலை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். தூண்கள் நிரம்பிய அந்த மண்டபம் நம் கோயில் மண்டபங்களை நினைவூட்டும். இஸ்பகானிலோ கைக்கு எளிதாகக் கிடைத்தது செங்கல். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே வளைத்துக் கட்டுவதே வழி. ஆனால் சுவர்கள் அமைப்பது சதுரம்; குவிமாடமோ வட்டம்! ஒன்றின்மேல் மற்றொன்று அமர்வது எப்படி?

நான்கு மூலைகளிலும் குறுக்கே வளைவு கட்டினார்கள். சதுரம் எண்கோணமாயிற்று. அதன்மேல் 16 சிறு வளைவுகள். உருவம் பதினாறு பக்கமாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வட்டத்தைச் சூழும் சதுரத்தின் பரப்பு வட்டத்தைவிட 27 சதவிகிதம் மிகுதி. எண்கோணமானால் 5½ சதவிகிதம். பதினாறு பக்கமானால் 1.3 சதவிகிதமே! இனி வட்டம் அமர்வதற்குத் தடை ஏது? கூர்முனைக் குவிமாடமாதலால், சுவரை வெளியே தள்ளும் விசையும் குறைகிறது.

1121-22இல் பள்ளிவாசலில் தீப்பிடித்தது. 1980-88 ஈரான்-ஈராக் போரில் ஒரு பகுதி இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. குவிமாடங்கள் இரண்டும் நிற்கின்றன. 2012இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

படத்தைத் தந்தையிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மூலைக்கு வேலை கொடுத்திருக்கிறான் அப்பா! நாம் பூசி மறைத்துக்கொண்டிருந்தோம்" என்றார்.

இவ்வாண்டு மழைக்கு முன் எங்கள் வீட்டு மூலையைப் பிரித்து, இரு சுவர்களையும் இரும்புக் கம்பியால் பிணைத்துக் கட்டப்போகிறோம். செங்கல் தாங்காத இழுவையைக் கம்பி தாங்கும். தந்தைக்குச் சிற்றாள் நானே!