பள்ளத்துக்கு மேலே ஒரு பாய்ச்சல்

வீடியோ கேமின் கதை – 14

நிஞ்சா கேம் என்றதும் நினைவுக்கு வருவது பக்கவாட்டில் நகரும் தட்டையான திரைதான். இடமிருந்து வலமாக ஓட வேண்டும். ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். குறுக்கே வருபவரை வாளால் வீழ்த்த வேண்டும். இடையில் பள்ளம். விழுந்தால் ஒரு லைஃப் போய்விடும்.

1987-ல் செகா நிறுவனம் ஆர்கேடுகளுக்காக 'ஷினோபி'யைக் கொண்டுவந்தது. இந்த வகைக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது, அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் டெக்மோ வெளியிட்ட 'நிஞ்சா கெய்டன்'. நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காக எழுதப்பட்ட கேம் அது. தந்தைக்காகப் பழிவாங்கப் புறப்படும் ரியூ ஹயபுசாதான் நாயகன். சுவரைப் பற்றிக்கொண்டு எதிர்ச்சுவருக்குத் தாவுவான். அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. சீறி வரும் பறவை ஒன்று இப்படி அவனை எத்தனை முறை பள்ளத்தில் தள்ளியிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓரடி பின்வாங்கினால், கொன்ற எதிரியே மறுபடி முளைத்து வருவான். கடைசி அங்கத்தின் பாஸிடம் தோற்றால், அந்த அங்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு கடுமைக்குப் பின்னால் வணிகக் காரணம் உண்டு. ஆர்கேடில் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக் கேசட்டிலோ நினைவகம் மிகக் குறைவு. 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் அவ்வளவுதான் என்றால் லெவல்களும் கொஞ்சம்தான். தெரிந்தவர் ஆடினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய கேமை வாரக்கணக்கில் நீட்டித்தது அதன் கடினம்தான்.

நினைவகத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் இந்தக் கடினத்தை மக்கள் தேடிப் போவதற்குக் காரணம் வேறு. இவ்வகைக் கேமில் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம்கள். பட்டனை அழுத்தியதும் நாயகன் தாவுகிறான். நடுவில் தாமதமோ அதிர்ஷ்டமோ கிடையாது. எதிரி எங்கே தோன்றுவான், எந்தப் பக்கம் நகர்வான் என்பதும் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் விழுந்தவருக்கு ஏன் விழுந்தோம் என்று தெரியும்: சற்று முன்னதாகத் தாவிவிட்டோம், வாளை ஒரு கணம் பிந்தி வீசினோம். சில விநாடிகளில் அதே இடத்துக்குத் திரும்பித் திருத்திக்கொள்ளவும் முடியும். மல்லர் கம்பம் பழகும் பிள்ளைகள் ஒரே பிடியை நூறு முறை வழுக்கி விழுந்து பழகுவதைப் போன்றது இது. முதலில் கண் கற்கிறது, பிறகு விரல் கற்கிறது. கடைசியில் யோசிக்காமலே கை போகிறது.

நல்ல கடினத்தையும் வெறும் கொடுமையையும் பிரிக்கும் அளவுகோலும் இதுதான்: தோற்றவருக்குத் தோல்வியின் காரணம் தெரிய வேண்டும். கண்ணில் படாத எதிரி திரையின் ஓரத்திலிருந்து திடீரெனப் பாய்ந்து தள்ளிவிடும் இடங்களில் பழைய நிஞ்சா கெய்டனே இந்தச் சோதனையில் தேறாது.

கனடாவின் கியூபெக் நகரிலுள்ள சபோட்டாஜ் ஸ்டுடியோ 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 'தி மெசஞ்சர்' இதைப் புரிந்துகொண்டு செய்த கேம். பார்வைக்கு 8-பிட் காலத்துக் கேசட் போலவே இருக்கும். பாதிக்கு மேல் காலம் தாண்டும்போது படமும் இசையும் 16-பிட்டுக்கு மாறிவிடும். இதன் அழகான விதி ஒன்று: அந்தரத்தில் எதையாவது வெட்டினால் இன்னொரு முறை தாவலாம். வழிமறிக்கும் எதிரியே படிக்கல் ஆகிவிடுகிறான். செத்தால் ஒரு குட்டிப் பூதம் உயிர்ப்பித்துக் கூட்டிவரும். அதற்குக் கூலியாக, கேமில் பணமாகப் பயன்படும் 'காலத் துண்டு'களில், அடுத்துக் கிடைப்பவற்றிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அந்த ஆண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுகக் கேம் விருது இதற்குத்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020-ல், அதே விருதுப் பட்டியலில் புனே நகரத்துக் கேம் ஒன்று இடம்பெற்றது: நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி'. அந்தச் சிறு குழு 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியே பணம் திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. ஆனாலும் விடாமல் வேலையைத் தொடர்ந்து, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அக்டோபரில் மற்றப் பெட்டிகளிலும் கேமை வெளியிட்டது. இந்திய கேம் துறையில் பெருமைப்படத் தக்க நிகழ்வு அது.

ராஜி நிஞ்சா அல்லள். சர்க்கஸில் வளர்ந்த பெண். அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். சுவரில் ஓடுகிறாள், தூணைப் பற்றிச் சுழன்று தாக்குகிறாள், திரிசூலம் ஏந்துகிறாள். இப்படி ஓடியும் தாவியும் ஆடும் கேம்களின் மூதாதைகளில் ஒன்று, ஜோர்டன் மெக்னர் 1989-ல் உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. 60 நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டிய கேம் அது. தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை வரைந்தார் மெக்னர். அந்த வரிசையில் 2003-ல் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமின் மறுவாக்கம் யூபிசாஃப்டின் புனே, மும்பை கிளைகளிடம் இருப்பதாக 2020-ல் அறிவிப்பு வந்தது. 2022-ல் அது மான்ட்ரியல் கிளைக்கு மாற்றப்பட்டது.

முன்சொன்ன அளவுகோலை ராஜிக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். பஹாரி ஓவியச் சாயலும் நிழற்பாவைக் காட்சிகளும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் கேமரா கோணத்தை ஆடுபவர் திருப்ப முடியாது. முப்பரிமாண வெளியில் அடுத்த மேடை எவ்வளவு தூரம் என்பதைக் கண் சட்டென்று அளக்க இயலாதபோது, விழுந்ததற்குக் காரணம் கையா கேமராவா என்ற ஐயம் எழுகிறது. தட்டையான திரையில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. தாவலைப் பொறுத்தவரை பழைய இரு பரிமாணம்தான் ஆடுபவரிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது.

அந்த நேர்மைக்கு இன்றும் வரவேற்பு இருக்கிறது. 2025 ஜூலையில் 'நிஞ்சா கெய்டன்: ரேஜ்பவுண்ட்', ஆகஸ்டில் 'ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ்' என இரு பழைய பெயர்களும் பக்கவாட்டுத் திரைக்கே திரும்பி வந்தன. புதிதாகப் பழக விரும்புபவர்கள் 'தி மெசஞ்ச'ரில் தொடங்கலாம். 1988-ன் நிஞ்சா கெய்டனை அதற்குப் பிறகு எடுப்பது நல்லது. எத்தனை முறை தோற்றாலும் அதில் கன்டினியூ தீர்வதில்லை.