மின்னேற்றம் ஏன் தாமதிக்கின்றது?

கையிலேந்திப் படிக்கும் பலகைக் கணினி, இரவு முழுவதும் மின்னிணைப்பில் இருந்தும் காலையில் நிறைந்திராவிடின், மின்கலம் பழுதாயிற்று என்றே பலரும் முடிவுகட்டுகின்றனர். புதியதொன்றுக்குப் பணமும் செலவிடுகின்றனர். மின்சாரம் அக்கலத்தை வந்தடையும் வழியையன்றோ முதலில் நோக்குதல் வேண்டும்!

2012ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐபேட் இதற்கு நல்ல சான்று. அதற்கு முந்திய ஐபேட்டின் மின்கலம் 25 உவாற்று-மணி கொள்வது. புதியதன் திரையிலே புள்ளிகள் நான்கு மடங்காகிவிட்டபடியால், 42.5 உவாற்று-மணி கொள்ளும் மின்கலத்தைப் பொருத்தினர். உடன் வழங்கிய மின்னேற்றியோ முன்போலவே 10 உவாற்று வலுவுடையது. தொட்டியைப் பெருப்பித்துவிட்டுக் குழாயைப் பழையபடி விட்டதற்கு இது ஒப்பாகும். இழப்பு எதனையும் கணக்கில் எடாமலே, அது நிறைய நாலேகால் மணித்தியாலம் வேண்டும். மேசைக் கணினியின் பழைய யூ.எஸ்.பி. துளையில் இணைத்தால் நிலைமை இன்னும் மோசம். அத்துளை 5 உவோற்றில் அரை அம்பியர், அதாவது 2.5 உவாற்று மட்டுமே தருவதற்கு அமைந்தது. கணக்கின்படி 17 மணித்தியாலம். அதுவும் திரை அணைந்திருந்தால்தான். திரை எரியுமாயின், வருகின்ற சொற்பமும் அதற்கே இரையாகிவிடும்.

வடத்தை எவரும் ஐயுறுவதில்லை. ஒரு மீற்றர் நீளமான மெல்லிய வடத்தில், போக்குவரவுக் கம்பிகள் இரண்டினதும் தடை சுமார் 0.4 ஓம் இருத்தல் கூடும். 2 அம்பியர் ஓடுகையில் 0.8 உவோற்று வழியிலேயே போய்விடும். அழுத்தம் தாழ்வதைக் கண்ட கருவி, தான் இழுக்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது.

இவற்றுக்குப் புறம்பாக, வேண்டுமென்றே செய்யப்படும் தாமதமும் ஒன்றுண்டு. இலிதியம் மின்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 4.2 உவோற்றை எட்டியதும், கட்டுப்பாட்டுச் சுற்று அவ்வழுத்தத்தை மாறாது காத்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றது. நூற்றுக்கு எண்பது விரைவில் ஏறி, எஞ்சிய இருபது ஊர்ந்து செல்வது இதனாலேயே. இலிதியம் அயன்கள் காரீயப் படலங்களுக்கிடையே புகுந்து அமர நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் அவை உள்ளே புகாது மேற்பரப்பில் உலோகமாகப் படியும், கொள்ளளவு குறையும், உட்குறுக்குச் சுற்று ஏற்படும் அபாயமும் உண்டு. குளிரிலே இத்தொல்லை அதிகம். கருவி அளவுக்கு மீறிச் சூடேறும்போதும் மின்னேற்றம் தணிக்கப்படுகின்றது.

கருவிக்குரிய மின்னேற்றியையும் வேறொரு வடத்தையும் கொண்டு, திரையை அணைத்து ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்த்தால் வழியின் குற்றம் வெளிப்பட்டுவிடும். முதுமையுற்ற மின்கலத்தின் அடையாளம் வேறு: நிறைந்ததாகக் காட்டிய கருவி, சிறிது நேர வேலையிலேயே வெறுமையாகிவிடும்.