பிரித்து அடுக்கும் பிஞ்சு விரல்கள்



திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அந்தப் பாதையோரத்திலேயே உங்கள் குழந்தைக்கான முதல் அறிவியல் பாடம் கிடைக்கிறது. நாலு கூழாங்கல், நாலு புளியங்கொட்டை, உதிர்ந்த சில இலைகள், வீட்டில் இருக்கும் பழைய அகல் விளக்குகள். இவை போதும்.

எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி, "வழுவழுன்னு இருக்கிறதை ஒரு பக்கம், சொரசொரன்னு இருக்கிறதை இன்னொரு பக்கம் வை" என்று சொல்லுங்கள். புளியங்கொட்டை கூழாங்கல்லோடு சேரும். சுட்ட மண் அகல் தனியாக நிற்கும். அடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். காய்ந்த இலை மிதக்கும்; புளியங்கொட்டையும் கல்லும் மூழ்கும். ஒரே பொருள்களை வழுவழுப்பு, மிதப்பது, நிறம், வடிவம் எனப் பல வகையில் பிரிக்கலாம் என்பது குழந்தைக்குத் தானே புரியும்.

சிறு குழந்தைகள் நிறத்தில் தொடங்கி, பாதியில் வடிவத்துக்குத் தாவுவார்கள். அது தவறல்ல, வளர்ச்சியின் ஒரு படி. "இதை ஏன் இங்கே வெச்சே?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் சிந்தனை வளர்கிறது.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரியும், தொட்டுப் பார்த்துப் பிரித்தறிவதை மழலைக் கல்வியின் முக்கியப் பகுதியாக வைத்தார்.

ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் விதை, சிறுகல் போன்றவற்றைத் தராதீர்கள்; தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்குக் கிண்ணம், கரண்டி, துணி போதும். மற்ற குழந்தைகள் விளையாடும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள், பெற்றோர்களே!